சுண்ணாம்புக் குறி எத்தனை நாள் செல்லும்

யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுக்காமலே வாழ்ந்து முடித்த முதல் மனிதன் என்று வரலாறு என்னைக் குறித்துக்கொள்ளும். வாழ்ந்து முடிக்க இன்னும் நாள் இருக்கிறது. குறிப்பை முன்கூட்டியே தந்துவிடுகிறேன், வரலாற்றுக்கு அலைச்சல் மிச்சம். சேந்தமங்கலத்தில் பிறந்த ஒருவன் இருபது வயது வரை ஒரு ஜவுளிக்கடைக்கோ ஒரு ஜோசியருக்கோ யாரையும் அனுப்பிவைத்து, அதற்காக ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை என்றால் அது சாதாரணக் காரியம் அல்ல. எங்கள் பக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நம் ஊரைக் கேட்டால், இறங்குவதற்குள் நம்மை யாரிடமாவது அனுப்பிவைத்துவிடுவார்.

மேலே உள்ளதை 2001 ஜூன் மாதம் எங்கள் ஹாஸ்டல் மெஸ் சுவரில் எழுதி ஒட்டினேன். அடியில் ‘சபரீஷ், மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு’ என்று கையெழுத்தும் போட்டேன். தலைப்பு: ‘பிள்ளை பிடிக்கிறவர்கள் – ஓர் ஆய்வு’. கேட்டவர்களுக்கு ஜெராக்ஸும் கொடுத்தேன்.

ஆய்வுக்குக் காரணம் எங்கள் கல்லூரி. தாளாளர் வெள்ளியங்கிரி முன்பு கோழிப்பண்ணை வைத்திருந்தவர். வகுப்பறைகள் ஏன் இவ்வளவு நீளமாக, தாழ்வாக, இரண்டு பக்கமும் கம்பி வலை அடித்து இருக்கின்றன என்று முதல் வருடத்தில் எல்லோரும் கேட்பார்கள். இரண்டாம் வருடத்தில் கேட்க மாட்டார்கள். அந்த வருடம் சுற்று வட்டாரத்தில் கல்லூரிகள் நிறைய முளைத்துவிட்டன. பிள்ளைகள் அந்த வேகத்தில் முளைக்கவில்லை. ஆகவே தாளாளர் ‘கல்வித் தூதர்’ திட்டத்தைக் கொண்டுவந்தார். யாரும் தூதர் ஆகலாம். விண்ணப்பத்தின் அடியில் ‘அறிமுகப்படுத்தியவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தன் பெயரோடு மூன்று பேரைச் சேர்த்தால் மிக்சி. ஐந்து பேரைச் சேர்த்தால் கிரைண்டர். பத்துப் பேரைச் சேர்த்தால் தூதரின் சொந்தப் பிள்ளைக்கு நான்கு வருடமும் கட்டணமில்லாத சீட்டு.

கடைசி வரியை, அதுவரைக்கும் எவன் வரப்போகிறான் என்ற தைரியத்தில்தான் தாளாளர் போட்டிருக்க வேண்டும். கொல்லிமலையிலிருந்து ஒருவர் வந்துவிட்டார். பெயர் அர்த்தனாரி. மலையில் மிளகும் மரவள்ளியும் வைத்திருந்தார். சீசனுக்குப் பலாப்பழத்தை மரத்தோடு விலை பேசி வாங்கி, லாரியில் கீழே இறக்குவார். அவர் மகள் கோகிலவாணி பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆனால் கவுன்சலிங் கடிதம் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, கவுன்சலிங் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. காசு கட்டிப் படிக்க வைக்க வழியில்லை. அர்த்தனாரி விண்ணப்பக் கட்டை வாங்கிக்கொண்டு மலை முழுக்க நடந்தார். ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டார். இன்னும் ஒரு ஆள். கடைசி நாள் அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

என் ஆய்வில் அவருக்குத் தனிப் பத்தி ஒதுக்கியிருந்தேன். ‘பலாவோடு சேர்த்துப் பையன்களையும் மூட்டை கட்டி இறக்கும் அர்த்தனாரி என்னும் பிள்ளை பிடிக்கிறவர்’ என்று தொடங்கும். பிள்ளை பிடிக்கிறவர்கள் பெற்றோரிடம் சொல்லும் மூன்று பொய்களையும் வரிசைப்படுத்தியிருந்தேன்: வகுப்பறை காற்றோட்டமானது, சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரி, கம்பெனிகள் வந்துகொண்டே இருக்கின்றன.

சுவரில் ஒட்டிய மூன்றாம் நாள் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் என் ஆய்வு இருந்தது. ஓரத்தில் சாம்பார்க் கறை.

"நீதான் எழுதுனதா?"

"ஆமாங்க."

"கையெழுத்து முத்து முத்தா இருக்குதே சாமி. ஞாயித்துக்கெழம தூதருங்க கூட்டம் வச்சிருக்கறேன். பேசறத எழுத ஆளில்லாம இருந்துச்சு. வந்துரு."

இப்படித்தான் சேந்தமங்கலத்துக் கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை உட்காரும் மேடையில், நான் நோட்டோடு உட்கார நேர்ந்தது. கீழே நாற்பது தூதர்கள். தாளாளர் மைக்கைப் பிடித்தார்.

"நான் பேச வரலீங்க. நீங்க பேசுங்க. ஒரு தூதருக்குக் காலேஜ்கிட்ட இருந்து என்ன வேணும்? மனசுல இருக்கறதச் சொல்லுங்க. தம்பி எழுதிக்குவான்."

புளியஞ்சோலைப் பக்கத்திலிருந்து வந்த தையல்காரர் ஒருவர் எழுந்தார். "போன் பண்ணுனா யாராச்சும் எடுக்கோணுமுங்க. பையனோட அப்பன எஸ்டிடி பூத்துல பக்கத்துலயே உக்கார வச்சுக்கிட்டு அடிக்கறேன். மணி பாட்டுக்கு அடிக்குது. அந்தாளு என்னையத் திருடனப் பாக்கற மாதிரி பாக்கறான்."

எழுதிக்கொண்டேன்.

ஒரு பஸ் கண்டக்டர் உட்கார்ந்தபடியே சொன்னார். "நோட்டீசுல நீச்சல் குளம்னு போட்டிருக்கறீங்க. போன வருசம் நான் சேத்துவிட்ட பையன் துண்டோட போயித் தேடியிருக்கறான். இப்ப அவங்கப்பன் என்ற பஸ்ல ஏறறதே இல்லீங்க."

"அது தீயணைக்கற தொட்டிங்க," என்றார் தாளாளர்.

"அதுல தண்ணி இருக்குதுங்களா?"

"அடுத்த வருசம்."

‘அடுத்த வருடம்’ என்று எழுதிக்கொண்டேன்.

"மிக்சில மூடி நிக்க மாட்டேங்குதுங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "சட்னி அரைச்சா ஊடெல்லாம் சட்னி." நாற்பது பேரும் ஆமோதித்தார்கள். அன்றைக்கு முழுச் சபையும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

முன்வரிசையில் மாணிக்கம் இருந்தார். சேந்தமங்கலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், தூதர்களில் மூத்தவர். "எனக்கு ஒண்ணும் வேண்டாங்க," என்றார். "நான் இதைச் சேவையாத்தான் செய்யறேன்." அவர் வீட்டில் ஏழு மிக்சி இருந்தது.

கடைசியாக அர்த்தனாரி எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, எனக்கு ஒண்ணுதான் கேக்கோணும். நான் மலையில ஒரு ஊட்டுக்கு நாலு தரம் நடக்கறேன். பையன்கிட்டப் பேசி, அவங்கம்மாகிட்டப் பேசி, மாமன்கிட்டப் பேசி, ஒரு வழியாச் சரின்னு சொல்ல வைக்கறேன். அவன் பஸ்ஸுல அடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்து எறங்குனா, அங்க ஒருத்தரு நின்னுக்கிட்டு, வா கண்ணு டீ குடின்னு கூட்டிப் போயி, கட்டத்துல அவுரு பேர எழுதிக்கறாரு. நடந்தது நானு. பேரு அவுருது."

மாணிக்கம் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்க மலையில பலா மரத்த விலை பேசுனா, அடிமரத்துல சுண்ணாம்புல குறி போடுவோமுங்க. என்ற குறி ரெண்டு கோடு. அதப் பாத்தா வேற ஏவாரி எவனும் அந்த மரத்துப் பக்கம் திரும்ப மாட்டான். பழம் அழுவிக் கீழ உழுந்தாலும் தொட மாட்டான். பசங்களுக்கும் அந்த மாதிரி ஒண்ணு வேணுமுங்க. முதல்ல பேசுனவன் ஊட்டுல ஒரு குறி. அத மத்தவங்க மதிக்கோணும். அவ்வளவுதான்."

நோட்டும் பேனாவும் வைத்திருந்த எனக்கு அது நியாயமாகப் பட்டது. கேலிக்கு உதவாதென்று எழுதாமல் விட்டேன். தாளாளருக்கோ பிடித்துப்போனது. செலவில்லாத கோரிக்கை அது ஒன்றுதான்.

"பண்ணிரலாம். ஆளுக்கொரு குறி. ஆபீசுல பதிஞ்சுக்குங்க. முப்பது நாளைக்குச் செல்லும்."

"ஒரே ஊட்டுல ரெண்டு குறி இருந்தா?" என்றார் மாணிக்கம்.

"யாரு முந்தின்னு விசாரிச்சுக்கிட்டு இருக்க முடியாதுங்க. போயிப் பாக்கறப்ப எது கண்ணுக்குத் தெரியுதோ அதுதான் குறி."

"ஒருத்தரு எத்தன போடலாம்?"

"முடிஞ்ச மட்டும் போடுங்க. சேவைதானே."

மாணிக்கம் தனக்கு வட்டம் என்று பதிந்துகொண்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் மொபட்டில் கிளம்பினார். சுண்ணாம்புக் கடை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடும்.

பத்து நாள் கழித்து, புதன்கிழமை, அர்த்தனாரியும் மாணிக்கமும் ஒரே விண்ணப்பத்தின் இரண்டு முனையைப் பிடித்தபடி தாளாளர் அறைக்குள் வந்தார்கள். விண்ணப்பத்துக்குரிய பையன் பெயர் முரளி. அர்த்தனாரியின் ஊர்க்காரன், அவருக்குப் பத்தாவது ஆள். மாணிக்கத்துக்கு எத்தனையாவது என்று அவருக்கே தெரியாது. தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ மேல போயிக் குறியப் பாத்துட்டு வா. பாத்ததப் பாத்தபடி எழுது," என்றார். குறி சரிபார்க்கும் வேலை உலகத்தில் எனக்கு முன் யாருக்கும் கிடைத்திருக்காது. வரலாற்றுக்கு இரண்டாவது குறிப்பு.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நானும் அர்த்தனாரியும் ஏறினோம். வளைவுக்கு வளைவு நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியிருந்ததால் அதிகம் பேசவில்லை. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். "இன்னும் பன்னெண்டுதான் கண்ணு. கண்ண மூடிக்க."

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வட்டத்தைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவில், பளிச்சென்று. பிறகு எங்கே பார்த்தாலும் வட்டம். பிளஸ் டூ படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் வட்டம். பிள்ளையே இல்லாத வீட்டில் வட்டம். ஆட்டுப்பட்டியில் வட்டம், ரேஷன் கடையில் வட்டம், பஞ்சாயத்து டிவி அறையில் வட்டம். மண் சுவர் ஈரமாக இருந்த வீடுகளில் சுவரை விட்டுவிட்டு, வாசலில் நின்ற பலா மரத்தில் வட்டம்.

இரண்டாவதாக வாசனை. பழுத்த பலாவின் வாசனை நல்ல வாசனைதான்; அளவு தாண்டினால் யாரோ நம் முகத்தில் வெல்லப் பாகைத் தடவி மூடிய மாதிரி இருக்கும். ஒவ்வொரு மரத்தடியிலும் பழங்கள் விழுந்து பிளந்து கிடந்தன. ஈ மொய்த்தது.

முரளியின் அம்மா அத்தாயி துடைப்பத்தோடு வாசலில் நின்றார். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்ததும் தொடங்கினார்.

"ஏனுங்க, நீங்கதான் வட்டம் போட்ட ஆபீசா?"

"இல்லீங்க, நான் பாக்க வந்தவன்."

"பாருங்க, நல்லாப் பாருங்க. அந்த மொபட்டுக்காரரு வந்து மரத்துக்கு மரம் வட்டம் போட்டுட்டுப் போயிட்டாரு. சந்தைக்கு வர்ற ஏவாரிங்க அத்தன பேரும் வெலை பேசி முடிஞ்ச மரம்னு திரும்பிப் போறாங்க. அஞ்சாறு நாளா ஒரு பழம் எறங்கல. பன்னிகூட இப்பத் தின்ன மாட்டேங்குது."

எனக்கு ஒன்று புரியவில்லை. அர்த்தனாரியைக் கேட்டேன். "ஏனுங்க, மத்த ஏவாரிங்களுக்குத்தான் தெரியாது. அது காலேஜ் சீட்டுக்குப் போட்ட குறின்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்களா? நீங்க பழத்த எறக்கியிருக்கலாமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், படித்தவன் இப்படிக் கேட்கிறானே என்ற வருத்தம் இருந்தது.

"குறி போட்ட மரத்த நான் எப்படிக் கண்ணு தொடறது?"

"குறி மரத்துக்கு இல்லீங்களே. முரளிக்குத்தானே."

"போட்டது மரத்துல தானே சாமி."

சீசன் முழுக்க அவர் ஒரு பழமும் வாங்கவில்லை. தான் கேட்டு வாங்கிய சட்டத்தை அந்த மலையில் மதித்து நடந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குச் சட்டமே தெரியாது.

வேலைக்கு வந்தேன். முரளி வீட்டுச் சுவரில் குறி இல்லை. வாசல் பலா மரத்தில் வட்டம் இருந்தது. "உங்க ரெண்டு கோடு எங்கீங்க?" என்று கேட்டேன்.

"இந்தச் செவுத்துலதான் போட்டேன். கூட்டத்துக்கு மறுநாளே. அத்தாயி, நீதான் பக்கத்துல நின்ன."

"நின்னேனுங்க," என்றார் அத்தாயி. துடைப்பம் கீழே இறங்கிவிட்டது. "வெள்ளிக்கெழம செவுத்துக்குச் சாணி போட்டு வழிச்சுட்டேன். வாரா வாரம் வழிக்கறதுதான. கோடு உள்ள போயிருச்சு. அப்புறந்தான் அந்தாளு வந்து மரத்துல போட்டுட்டுப் போனாரு."

மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம். நன்றாக வழித்திருந்தது. ஒரு கோடும் தெரியவில்லை.

"கண்ணுக்குத் தெரியறதுதான் குறின்னு அய்யா சொல்லிட்டாரு," என்றார் அர்த்தனாரி. "எழுதிக்க கண்ணு. நான் கேட்டு வாங்குன சட்டந்தான்."

‘வட்டம்’ என்று எழுதினேன். முத்து முத்தான கையெழுத்து.

மதியம் பஸ் வரும்வரை அர்த்தனாரி வீட்டில் உட்கார வைத்தார்கள். அவர் கொல்லைப்பக்கம் கைகால் கழுவப் போன நேரத்தில், கோகிலவாணி அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். கூடவே நாலாக மடித்த ஒரு தாளையும் வைத்தாள். பிரிக்காமலே தெரிந்தது. என் ஜெராக்ஸ்.

"ஏனுங்ணா, இது நீங்க எழுதுனதுங்களா?"

கிழங்கு வாயில் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"கூட்டத்துல யாரோ அப்பாகிட்டக் குடுத்து, உம்பேரு வந்திருக்குதுன்னு சொன்னாங்களாம். அவுருக்குப் படிக்க வராது. மடியில பத்திரமாக் கொண்டாந்து, படிச்சுக் காட்டச் சொன்னாரு."

"படிச்சுக் காட்டுனீங்களா?"

"காட்டுனேனுங்க. பிள்ளை பிடிக்கிறவர்னு வந்த எடத்துலெல்லாம் கல்வித் தூதர்னு படிச்சேன். மூட்டை கட்டின்னு இருந்ததப் பொறுப்போடன்னு மாத்துனேன். மத்தபடி அப்படியே நல்லா வந்துச்சு. ரெண்டு தரம் படிக்கச் சொன்னாரு."

கிழங்கு விக்கிக்கொண்டது. தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.

"நல்ல கையெழுத்துங்ணா," என்றாள்.

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள இன்னொரு ஆள் கெடைச்சா..." என்று இழுத்தேன்.

"மலையில வட்டமில்லாத ஊடு இல்லீங்ளே. கோயில் செவுருதான் மிச்சம்." அவள் குரலில் புகார் இல்லை. "அடுத்த வருசம் கவுன்சலிங் கடுதாசி வருமில்லீங்ளா? அதுவரைக்கும் அப்பாவோட பழத்துக்குப் போறேன்."

அர்த்தனாரி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். கிளம்பும்போது ஒரு பலாப்பழத்தை என் கையில் கொடுத்தார். அவர் சொந்த மரத்துப் பழம். அதில் இரண்டு கோடு இருந்தது. "என்னப் பத்தி நல்லவிதமா எழுதியிருக்கற சாமி," என்றார். "யாரும் எழுதுனதில்ல."

எழுபது வளைவையும் அந்தப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இந்த முறை தலையை வெளியே நீட்டவில்லை. பழத்தை விட்டுவிட்டு நீட்ட முடியாது.

சாயங்காலம் கல்லூரிக்குப் போகாமல் சேந்தமங்கலத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா சென்னம்மாள் வாசலில் நாற்காலி போட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகன் தரணிதரன் பிளஸ் டூ முடித்து, சேலத்துக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்து, பூர்த்தி செய்யச் சோம்பல்பட்டுக்கொண்டு இருந்தான். ஒரு மாதமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க காலேஜ் எப்படிண்ணா?" என்று கேட்பான். வரலாற்றை மனதில் வைத்து நான் வாயைத் திறந்ததில்லை.

வாசலிலும் சுவரிலும் வட்டம் இல்லை. மாணிக்கம் சுண்ணாம்பு முழுவதையும் மலையிலேயே செலவழித்துவிட்டார் போல.

"ஏங்கண்ணு, பலாப்பழமெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கற," என்றார் பெரியம்மா.

"மலைக்குப் போயிருந்தேனுங்க. தரணிய எங்க சேக்கறீங்க?"

"இவன் எதுக்கும் வாயத் தொறக்க மாட்டேங்கறான். உங்க காலேஜ் எப்படி? அங்க வகுப்பெல்லாம் கோழிக் கொட்டாய் மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்களே."

பழத்தைக் கீழே வைத்தேன்.

"நல்ல காத்தோட்டமா இருக்குமுங்க பெரியம்மா."

"சோறு?"

"ஊட்டுச் சாப்பாடு மாதிரிதான். தெனமும் முட்டை." முட்டை மட்டும் உண்மை.

"படிச்சு முடிச்சா வேலைக்குக் கூட்டிக்குவாங்களா?"

"கம்பெனிக்காரங்க வந்துக்கிட்டேதான் இருக்காங்க." போன மாதம் ஒரு கம்பெனி வந்தது. கோழித்தீவனக் கம்பெனி, இன்னும் பண்ணைதான் என்று நினைத்து மூட்டை இறக்க வந்திருந்தது.

தரணிதரன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். "நீச்சல் குளம் இருக்குதாண்ணா?"

"அடுத்த வருசம்," என்றேன்.

பையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவன் எழுதினான், பெரியம்மா கையெழுத்துப் போட்டார். அடியில் இருந்த கட்டத்தை நானே நிரப்பிக்கொள்கிறேன் என்று வாங்கினேன். ‘அர்த்தனாரி, கொல்லிமலை’ என்று எழுதினேன். நிதானமாக, முத்து முத்தாக. காலையில் ஆபீஸ் திறந்ததும் கொடுத்துவிடலாம்.

பெரியம்மா காபி போட உள்ளே போனார். அப்போது தெரு முனையில் மொபட் சத்தம் கேட்டது. நின்று நின்று, வீட்டுக்கு வீடு விசாரித்துக்கொண்டு வருகிற மொபட்டின் சத்தம்.

வெற்றிலைத் தட்டில் சுண்ணாம்பு டப்பா திறந்திருந்தது. ஆள்காட்டி விரலில் எடுத்து, கேட் தூணில் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் இன்னொன்று. மழை வருகிற மாதிரி இருந்தது; கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.